ஊருக்குப் போனதும் ஆட்டுக்கால் பாயா

முட்டி வலிக்கிறது என்று போனில் ஒருமுறை சொல்லியிருப்பீர்கள். ஊரில் இறங்கிய மறுநாளே பெரியம்மா ஆட்டுக்கால் வாங்க ஆள் அனுப்பிவிடுவார்கள். தடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் கால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஞாயிறன்று விடிந்ததும் போய் நில்லுங்கள். முடியை நெருப்பில் வாட்டிய காலாகக் கேளுங்கள். வெட்டித் தந்தாலும் வீட்டில் மஞ்சள் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கருகிய வாடை குழம்பிலும் வரும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் ஆகிய நாட்களில் கறிக்கடை அடைப்பு. பொங்கலுக்குப் போகிறவர்கள் மாட்டுப் பொங்கலைக் கவனியுங்கள், திருவள்ளுவர் தினம் அன்றுதான். புரட்டாசியில் போனால், வீட்டில் அசைவம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குக்கரில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். விறகடுப்பில் 3, 4 மணி நேரம் ஆகும். எனக்கு விறகடுப்புதான் பிடிக்கும், ஆனால் வீட்டு ஆட்களைப் படுத்த வேண்டாம். ஆப்பமோ இடியாப்பமோ போதும். வீட்டில் தோதுப்படாவிட்டால், காலை நேரத்தில் முஸ்லிம் ஓட்டல்களில் கேட்டுப் பாருங்கள். சாயங்காலத் தள்ளுவண்டி சூப் என்றால், கொதித்துக்கொண்டிருக்கும் அண்டாவிலிருந்து ஊற்றினால் மட்டும் குடியுங்கள்.

சரி, முட்டி வலி? காலில் கறி சொற்பம். தோலும் தசைநாரும்தான் அதிகம். அவற்றிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல வெந்து ஜெலட்டினாக மாறும். உதடு ஒட்டுவதும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாக உறைவதும் அதனால்தான். ஜெலட்டின் புரதம்தான், ஆனால் டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் இல்லை. கூட ஒரு முட்டையோ பருப்போ இருந்தால் அந்தக் குறை தீரும். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து அவ்வளவாகச் சாற்றில் இறங்காது. ஒரு டம்ளர் பாலில் அதைவிட அதிகம் கிடைக்கும். நேராக உங்கள் முட்டிக்குப் போய் ஒட்டுகிற மருந்து அல்ல இது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். யூரிக் அமிலமோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மட்டும் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது பாயா மசாலா அரைத்துக் கட்டித் தருவார்கள். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் கசகசா சேர்க்காமல் அரைக்கச் சொல்லுங்கள். அந்த ஊர்களில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.