திரையில் வரும் குழந்தை திமிறாது

மருத்துவ மாணவர்களுக்குக் குழந்தை மருத்துவத்தைக் கணினி கேஸ்கள், அதாவது திரையில் பக்கம் பக்கமாக விரியும் நோயாளிக் கதைகள், வழியாகச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்திலேயே ‘கிளிப்’ என்ற பெயரில் 31 கேஸ்கள் வந்துவிட்டன. இன்று அது ‘அக்விஃபர்’ என்ற பெயரில் தொடர்கிறது. தேவை என்னவோ எளிதுதான். ஜூலையில் குழந்தைகள் வார்டுக்குப் போஸ்டிங் வரும் மாணவர், அங்கே குளிர்காலத்தில் வார்டை நிறைக்கும் பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் சிறு மூச்சுக்குழல் அழற்சி) குழந்தை ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இது.

இதை மறந்து, இருக்கிற கேஸ் எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டுவதுதான் முதல் தவறு. வார்டு, டியூட்டி, வகுப்பு எதையும் குறைக்காமல் மேலே முப்பது கேஸ் ஏற்றினால், ராத்திரி பதினொரு மணிக்கு ‘அடுத்து’ பட்டனைத் தட்டிக்கொண்டே போவார்கள். முடித்ததற்கு மார்க் என்று வைத்தால் இன்னும் மோசம். நானும் வைத்திருக்கிறேன், விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றியதுதான் மிச்சம். வார்டில் கிடைக்காத பத்து கேஸ் போதும். அதற்குப் பதிலாக ஒரு விரிவுரையைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது, வார்டுக்குப் பதில் திரை என்று நினைப்பது. எட்டு மாதக் குழந்தை, மூச்சு நிமிடத்துக்கு 56 என்று திரையில் எழுதியிருக்கும். அந்த வயதில் 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு என்று மாணவர் டக்கென்று சொல்லிவிடுவார். சரி, அந்த 56-ஐ யார் எண்ணுவது? ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் பிள்ளை வீறிடும், எண்ணிக்கை எங்கோ போய்விடும். அம்மா மடியில் அமைதியாகும் வரை காத்திருந்து, சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது என்பதால் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது உதவாது. சட்டையைத் தூக்கினால்தான் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுப்பதும் தெரியும். இதையெல்லாம் எந்த கேஸும் கற்றுத்தராது. யோசிக்கக் கற்றுத்தரும், அவ்வளவுதான்.

அந்த யோசனையையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: கேஸுக்கு ‘கவசாகி நோய்’ என்று விடையையே தலைப்பாக வைப்பது. ‘ஐந்து நாள் காய்ச்சல், சிவந்த கண்’ என்று வையுங்கள். அடுத்த பக்கம் திறக்குமுன் மூன்று சாத்தியங்களை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வகுப்பில் பதினைந்து நிமிடம், யார் எதை ஏன் எழுதினார்கள் என்று பேசுங்கள்.

வெளிநாட்டு கேஸை அப்படியே இங்கே ஓட்டுவதும் வம்பு. மழைக்காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஐந்து நாள் காய்ச்சல் என்றால் பட்டியலில் டெங்கு இல்லாமல் இருக்க முடியாது. நாள்பட்ட இருமலுக்கு அங்கே காசநோய் கடைசியில் வரலாம். இங்கே மேலே வர வேண்டும். அமெரிக்கத் தடுப்பூசி அட்டவணையில் காசநோய்க்கான பிசிஜி கிடையாது. நம் பிள்ளைகளுக்கோ பிறந்ததும் போட்டுவிடுகிறோம். காசநோயைத் தேடும் மாண்டூ தோல் பரிசோதனையின் முடிவை அந்த ஊசி பாதிக்கலாம் என்பதால், அது வரும் பக்கத்தில் இதைச் சொல்ல ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.