உக்கிராணக் கணக்கு: குடும்பப் பணத்தைக் கையாளப் புதிதாகத் தொடங்கும் விசுவாசிகளுக்கு

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘உக்கிராணக்காரன்’ என்ற சொல் வருகிறது. கல்யாண வீட்டு உக்கிராண அறையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அறையில் அடுக்கியிருக்கும் அரிசியும் பருப்பும் அவருடையவை அல்ல, ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எஜமான் தன் உக்கிராணக்காரனிடம் கேட்பதும் கணக்கைத்தான். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எனக்குப் பழக்கமான குடும்பங்களில் ஜெபத்துக்குக் குறைவில்லை, கணக்குக்குத்தான் குறைவு. ஆகவே காணிக்கைப் பையை எடுப்பதற்கு முன் நோட்டுப் புத்தகத்தை எடுப்போம்.

முதல் படி: முப்பது நாள் எழுதுங்கள்

கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னதாக உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்கிறார் (லூக்கா 14:28). அந்த ‘உட்கார்ந்து’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப் பின் கணவன் மனைவி இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்றைய டீ, ஷேர் ஆட்டோ, போன் ரீசார்ஜ், ஞாயிறு காலை காசிமேட்டில் வாங்கிய மீன் என எதையும் விடாமல் எழுதவேண்டும். முதல் மாதம் எதையும் குறைக்க முயலவேண்டாம், எழுதினால் போதும்.

இரண்டாம் படி: மீதியைக் கண்டுபிடியுங்கள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவர் சரக்குக் கிடங்கிலும் மனைவி தையலிலும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் ஈட்டுகிறார்கள். வாடகை 8,000, மளிகை, பால், மீன், காய்கறி 7,500, கேஸ், மின்சாரம், போன் 1,800, பள்ளியும் டியூஷனும் 2,200, பேருந்து, ஆட்டோ 1,500. ஆக 21,000 போக, கையில் நிற்பது 5,000. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஐயாயிரத்தைப் பற்றியவையே.

மூன்றாம் படி: காணிக்கையை முடிவு செய்யுங்கள்

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், இந்தக் குடும்பத்துக்கு 2,600 ரூபாய். கடன் இல்லாத வீட்டில் இதைச் சம்பள நாளிலேயே ஓர் உறையில் போட்டு வைப்பது நல்ல பழக்கம். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அதே வீட்டில் தண்டல் கடன் இருந்து, தினம் நூறு வீதம் மாதம் 3,000 போகிறது என்றால் மீதி 2,000 மட்டுமே, அதில் 2,600 கொடுக்க வழியில்லை. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியாவது தசமபாகத்தைச் செலுத்தவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. கடன் தீரும் வரை 500 அல்லது 1,000 என்று ஒரு தொகையைத் தீர்மானித்து அதைத் தவறாமல் கொடுங்கள். மனம் உறுத்தினால் உங்கள் போதகரிடமே கணக்கு நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுவதையும் இயேசு கண்டித்திருக்கிறார் (மாற்கு 7:11). அம்மாவின் மாத்திரைச் செலவை வெட்டி ஆலயக் கட்டட நிதிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: கடனை வட்டி வரிசையில் எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழியின் (22:7) பொருள், காலையில் தண்டல்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் என்று பேசி, முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நூறு நாளைக்குத் தினம் நூறு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது ஏறக்குறைய 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி என்றால் ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்துக்கும் மேல். நூற்றுக்குப் பத்து வட்டி என்பதும் அதே ரகம்தான், மாதம் பத்து என்றால் வருடத்துக்கு 120. இத்தகைய கொடுவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆகவே மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால், அதை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடகு வைத்துத் தண்டலை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். அங்கே வட்டி பல மடங்கு குறைவு. பின்பு தண்டல்காரருக்குக் கொடுத்துவந்த அதே நூறு ரூபாயை நாள் தவறாமல் ஓர் உண்டியலில் போட்டு, மாதம் ஒருமுறை நகைக்கடனில் கட்டிவாருங்கள். கெடு தேதியை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள், தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

ஐந்தாம் படி: ஜாமீன் கையெழுத்து

போடாதீர்கள். உடன் வேலை பார்த்த ஒருவருக்காக நான் போட்டேன். அவருடைய தவணை நின்றதும் பதினான்கு மாதம் என் சம்பளத்தில் கட்டினேன். பிணைப்பட்டவன் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நீதிமொழிகள் 22:27 எச்சரிக்கிறது. உதவத்தான் வேண்டுமென்றால், திரும்பி வராது என்று எண்ணி உங்களால் இயன்றதைக் கையில் கொடுங்கள்.

ஆறாம் படி: யோசேப்பின் ஐந்தில் ஒன்று

எகிப்தில் விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னான் யோசேப்பு (ஆதியாகமம் 41). நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது 61 நாள். மீதி 304 நாளும் வருமானம் இருப்பதாகக் கொண்டால், 61 நாள் செலவைச் சேர்க்க ஒவ்வொரு நாளும் அன்றைய செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கவேண்டும். தினச் செலவு 500 என்றால், மறுபடியும் அதே நூறு ரூபாய். முதன்முறை கணக்குப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. புயல் நாட்களில் படகு போகாது என்பதால் இதற்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். கடலுக்குப் போகாத வீடுகளுக்கும், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் டிசம்பரில் எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கும் இதே முறை பொருந்தும். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம்.

கிறிஸ்துமஸ் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவில் யாராவது அழைத்தால், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஒரே சபையைச் சேர்ந்தவர் என்பது பதிவு எண்ணுக்கு ஈடாகாது.

ஏழாம் படி: காப்பீடு

தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:8). வங்கிக் கணக்கு உள்ளவர்கள், 18 முதல் 50 வயது வரை ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டிலும், 70 வயது வரை 20 ரூபாயில் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிலும் சேரலாம். ஒவ்வொன்றிலும் மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். தொகையை வங்கியே பிடித்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள், நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.