கதவு மூடியிருந்தும் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டுகிறதா? கதவு சென்சார் பழுது பார்க்கும் முறை

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மா வீட்டில் அலாரம் அலறியது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். பதறி எழுந்து லைட்டைப் போட்டுப் பார்த்தால், வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. அடுத்த இரண்டு இரவுகளும் இதே கதை. நான்காம் நாள் அம்மா அலாரத்தைப் போடாமலேயே படுத்துவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சும்மா சும்மா அலறும் சென்சாரை அப்படியே விட்டுவைத்தால், வீட்டிலிருப்பவர்கள் அலாரம் போடுவதையே விட்டுவிடுவார்கள்.

வந்து பார்த்த மெக்கானிக் “புது சென்சார்தான் மாத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. ஈரத்தில் மரக்கதவு உப்பி, நிலைக்குள் முழுதாக உட்காராமல் நின்றது. தாழ்ப்பாளில் இருந்த கொஞ்ச ஆட்டத்தில், காற்று தள்ளும்போதெல்லாம் காந்தம் சென்சாரை விட்டு விலகியது. அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் நீங்களே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

கதவு சென்சாருக்கு இரண்டு துண்டு. பெரியது நிலையில் இருக்கும், சின்னது கதவில். சின்னதில் வெறும் காந்தம்தான். பெரியதற்குள் ரீட் ஸ்விட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் மெல்லிய இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய அமைப்பு இது. தகடுகள் மூடிய கண்ணாடிக்குள் இருப்பதால் தூசியும் துருவும் அவற்றை அண்டாது. ஆகவே ரீட் ஸ்விட்ச் கெட்டிருக்கும் என்பதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி, பேட்டரி, ஒயர் மூன்றும்தான் முதலில் மாட்டும்.

தொடங்கும் முன்

பேனலை, அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை, டெஸ்ட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கும் மாமாவுக்கும் போன் போய்க்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்த சோன் (ஒவ்வொரு சென்சார் லைனுக்கும் பேனல் வைத்திருக்கும் எண்) தகராறு செய்கிறது என்று கீபேடில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர், ஸ்கேல், பென்சில், தனியாக ஒரு சின்னக் காந்தம், ஒயர் உள்ள சென்சார் என்றால் ஒரு மல்டிமீட்டர். இவை போதும்.

படி 1: கையில் காந்தத்தை எடுங்கள்

முதல் சோதனை இதுதான், பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையிலுள்ள காந்தத்தை நிலையில் இருக்கும் பெரிய துண்டின் பக்கத்தில், கதவுக் காந்தம் வந்து நிற்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். வீடு அமைதியாக இருந்தால் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று ஊசி தட்டியதுபோல ஒரு சத்தம் வரும். தகடுகள் ஒட்டும் சத்தம் அது.

இப்போது பேனல் ‘மூடியிருக்கிறது’ என்று காட்டினால் சென்சார், பேட்டரி, ஒயர், பேனல் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு கதவிலோ அதிலுள்ள காந்தத்திலோதான். நேராகப் படி 2. பேனலில் எந்த மாற்றமும் இல்லையா? அப்படியானால் ஒயர் இல்லாதவர்கள் படி 3, ஒயர் உள்ளவர்கள் படி 4.

படி 2: இடைவெளியை அளந்து பாருங்கள்

கதவை வழக்கம்போல மூடி, இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்கவும். சாதாரண சென்சார்கள் பலவற்றுக்கு மரக்கதவில் 15 முதல் 20 மில்லிமீட்டர்தான் எல்லை. ஆனால் எல்லையில் நிறுத்தாதீர்கள். 5 முதல் 8 மில்லிமீட்டருக்குள் வைத்தால், காற்றில் கதவு கொஞ்சம் ஆடினாலும் தாங்கும். பல சென்சார்களில் இரண்டு துண்டிலும் ஒரு சின்னக் கோடோ முக்கோணமோ இருக்கும். அவை ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்.

அம்மா வீட்டில் அளந்தேன். கதவைக் கையால் அழுத்திப் பிடித்தால் 12 மில்லிமீட்டர். கையை எடுத்தால் 19. இந்த ஏழு மில்லிமீட்டர்தான் மூன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது. காந்தத்துக்கு அடியில் ஒரு மரச்சில்லை வைத்து முன்னால் தள்ளித் திருகினேன், சரியாகிவிட்டது. கழற்றும் முன் பழைய இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியும்.

மழை மட்டும் காரணமில்லை. கனமான கதவு நாளாக நாளாகக் கீழே இறங்கும். மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்தால், கீல் இல்லாத பக்கம் கதவு தொங்கிப்போய், மேலே இடைவெளி கூடும். சென்சாரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கதவின் கீழ் ஓரம் தரையில் உரசிக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சென்சாரைத் தொடாமல் கீலை இறுக்குங்கள். டபுள் சைடு டேப்பில் ஒட்டிய காந்தம் என்றால், வெயில்படும் கதவில் பசை இளகி மெதுவாக இறங்கியிருக்கும். அதைத் திரும்ப ஒட்டுவதைவிட ஸ்க்ரூ போடுவது நல்லது.

இரும்புக் கதவு, கிரில் கேட் என்றால் விஷயம் வேறு. இரும்பு காந்தத்தின் வீச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதனால் வேலை செய்யும் தூரம் பாதிக்கும் கீழே போய்விடலாம். இரண்டு துண்டுகளுக்கும் அடியில் பிளாஸ்டிக் அல்லது மரக்கட்டை வைத்து இரும்பிலிருந்து தள்ளி வையுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால், இரும்புக் கதவுக்கென்றே வரும் பெரிய சென்சாரை வாங்குவதுதான் ஒரே வழி. அலுமினியக் கதவில் இந்தப் பிரச்சினை இல்லை.

படி 3: ஒயர் இல்லாத சென்சார்

கதவைத் திறக்கும்போது சென்சாரில் உள்ள சின்ன லைட் மின்னுகிறதா? மின்னாவிட்டால் பேட்டரிதான் முதல் சந்தேகம். உள்ளே சிஆர்2032 அல்லது சிஆர்123ஏ போன்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: லித்தியம் பேட்டரி தீர்ந்துபோகும் நேரம் வரை மீட்டரில் 3 வோல்ட் பக்கமே காட்டும், அப்புறம் திடீரென்று விழும். மீட்டரை மட்டும் நம்பாமல் புதிதைப் போட்டுப் பாருங்கள். கழற்றிய நாணய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்து.

லைட் மின்னுகிறது, ஆனால் பேனலுக்குத் தெரியவில்லையா? சிக்னல் போய்ச் சேரவில்லை. சென்சாரைக் கழற்றிப் பேனலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சோதியுங்கள். அங்கே வேலை செய்தால், நடுவில் ஏதோ மறைக்கிறது. பேனலை ஒட்டி இரும்பு பீரோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் வைத்தும் வேலை செய்யாவிட்டால், அந்த சென்சாரைப் பேனலில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். சென்சாரின் மூடி சரியாக அமரவில்லை என்றால் ‘டேம்பர்’ (யாரோ சென்சாரைத் திறந்திருக்கிறார்கள்) என்று காட்டும், அதற்குக் கதவோடு சம்பந்தமே இல்லை.

படி 4: ஒயர் உள்ள சென்சார்

பேனல் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் ஒயரையும் கழற்றிய பிறகே பெட்டிக்குள் கைவையுங்கள். பழக்கமில்லை என்றால் இந்தப் படியை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அந்த சோனின் இரண்டு ஒயர்களையும் பேனலிலிருந்து எடுத்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து மின்தடையைப் பாருங்கள். கதவு மூடியிருந்தால் சுழியத்தை ஒட்டிய எண் வர வேண்டும், திறந்தால் எல்லையில்லாமல் போக வேண்டும். லைனின் கடைசியில் ரெசிஸ்டர் போட்டிருந்தால், மூடியிருக்கும்போது அதன் மதிப்பு, அதாவது 2.2 அல்லது 5.6 கிலோ ஓம் போல, வரும். எண் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால் எங்கோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது அல்லது முனை துருப்பிடித்திருக்கிறது.

மூடியும் லைன் திறந்தே காட்டினால், சென்சார் பக்கம் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது எண் வந்தால் ஒயர் நல்லது, சென்சார் போய்விட்டது. வரவில்லை என்றால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. பரண் வழியாகப் போகும் ஒயர் என்றால் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு: கதவு திறந்தாலும் மூடியே காட்டுவது. அலறாததால் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஸ்பீக்கர் போல வேறு காந்தம் இருந்தாலோ, இடி மின்னலில் தகடுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டாலோ இப்படி ஆகும். உருகிய ரீட் ஸ்விட்சைச் சரிசெய்ய முடியாது. புது சென்சார்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக

ஒயர்களை மாட்டி, பவரைக் கொடுத்து, கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். மெதுவாக, வேகமாக, கையால் ஆட்டிப் பார்த்து. கதவு எவ்வளவு திறந்ததும் பேனல் பிடிக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஓர் அங்குலம் தாண்டக் கூடாது. இரட்டைக் கதவு என்றால் இரண்டு கதவையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பேட்டரி மாற்றிய தேதியை மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிவிடுங்கள். அப்புறம் டெஸ்ட் மோடை எடுத்துவிட்டு, அந்த சோனை யாராவது எப்போதோ பைபாஸில் (பேனல் கண்டுகொள்ளாமல் விடும்படி) போட்டிருக்கிறார்களா என்று கீபேடில் பாருங்கள். அம்மா வீட்டில் போட்டிருந்தது.