தரவு மூலங்களை இணைக்கும்போது: 12/06 என்பது எந்த நாள்?

டெல்டாவில் இப்போது அரிசி ஆலைகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் டாஷ்போர்டு, அதாவது கணக்குகளை வரைபடங்களாகக் காட்டும் திரை, கேட்கத் தொடங்கிவிட்டன. செய்துகொடுப்பவர்களில் பலர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கல்லூரி முடித்து, பவர் பிஐ, லுக்கர் ஸ்டுடியோ போன்ற டாஷ்போர்டு மென்பொருளைத் தாங்களாகவே கற்றுக்கொண்ட இளைஞர்கள். வரைபடங்களை நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் தரவு மூலத்தை இணைக்கும் கட்டத்தில், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கடவுச்சொல் தவறு, கோப்பின் பெயர் மாறிவிட்டது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைக் கருவியே சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் உள்ளே நுழைந்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தேதியைக் கருவியின் விருப்பத்துக்கு விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறந்த நாட்களை ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) நாள்/மாதம்/ஆண்டு என்ற முறையில் எழுதுங்கள்: 12/06/2020, 12/06/2021, 24/05/2022, 12/06/2023, 28/07/2024, 12/06/2025. அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருக்கும் கணினியில் இதைப் பவர் பிஐக்குள் கொண்டுவந்து, அந்த நெடுவரிசையைத் தேதி வகைக்கு மாற்றுங்கள். மாதத்தை முதலில் படிப்பது அமெரிக்க முறை. 24-ஆவது மாதமும் இல்லை, 28-ஆவது மாதமும் இல்லை என்பதால் 2022, 2024 ஆகிய இரண்டு வரிசைகளிலும் பிழை என்று காட்டும். மற்ற நான்கும் எந்தத் தடையும் இல்லாமல் டிசம்பர் 6 ஆகிவிடும். குறுவைக்குத் தண்ணீர் திறந்த நாள், வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் நிற்கும் நாளாகிவிட்டது!

இந்த நிலையில் புதிதாக வந்தவர் என்ன செய்கிறார்? பிழை காட்டும் இரண்டு வரிசைகளையும் அழித்துவிடுகிறார். சிவப்பு மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். தன் கோளாறை வெளியே காட்டியவை அந்த இரண்டு வரிசைகள் மட்டுமே. அவற்றை அழித்த பிறகு கையில் இருப்பது முழுக்கத் தவறான தேதிகள்.

ஆறு வரிசைகள் என்றால் கண்ணில் பட்டுவிடும். நெல் வரத்துப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான வரிசைகள் இருக்கும். மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நடந்தது இது. எடைமேடை மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பை அங்கிருந்த தம்பி இணைத்திருந்தார். பவர் பிஐக்குள் தரவைக் கொண்டுவரும் பகுதியான பவர் குவெரி, முதல் 200 வரிசைகளைப் பார்த்துத்தான் ஒரு நெடுவரிசையின் வகையை ஊகிக்கிறது. அந்த 200 வரிசைகளும் மாதத்தின் முதல் சில நாட்களுக்குள் அடங்கிவிட்டன. எல்லாமே செல்லுபடியாகும் தேதிகளாகத் தெரிந்ததால் கருவி தானாகவே தேதி வகையைப் போட்டுவிட்டது. 13-ஆம் தேதி முதல் வந்த வரிசைகளில் தேதி பிழையாகி, தரவு ஏறும்போது வெற்றிடமாக மாறியது. எத்தனை பிழைகள் என்று காட்டிய பெட்டியை மூடிவிட்டார்.

எடை நெடுவரிசைக்கு எந்தச் சேதமும் இல்லை. அதனால் மொத்த வரத்து பதிவேட்டோடு கிலோ கணக்கில் ஒத்துப்போனது. கணக்கர் சரிபார்த்துத் தலையாட்டினார், எல்லோரும் நம்பினார்கள். மாதவாரி வரைபடத்தில் மட்டும் வெற்றிடம் என்ற பெயரில் ஒரு பெரிய பட்டை நின்றது. பார்க்க நன்றாக இல்லை என்று வடிகட்டியைப் போட்டு அதை மறைத்துவிட்டார்.

எஞ்சிய பட்டைகளைப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறினால், எல்லா மாதங்களிலும் 10-ஆம் தேதி வந்த நெல் அக்டோபர் கணக்கில் சேரும். எல்லா மாதங்களின் 3-ஆம் தேதி நெல்லும் மார்ச்சுக்குப் போகும். அக்டோபர் முதல் பன்னிரண்டு நாட்களில் வந்து குவிந்த குறுவை நெல், மாதத்துக்கு ஒரு நாள் வீதம் ஆண்டு முழுவதும் சிதறிவிடும். ஆக, பன்னிரண்டு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. குறுவை அறுவடைக்கு ஓர் ஏற்றம், சம்பா, தாளடி அறுவடைக்கு இன்னொரு ஏற்றம் என்று இருக்க வேண்டிய ஊரில், மாதந்தோறும் ஒரே அளவு நெல் வந்ததாக ஒரு வரைபடம்! பிறந்ததிலிருந்து அறுவடையைப் பார்த்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தும் யாரும் கேள்வி கேட்கவில்லை. திரையில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் அடுத்த குறுவைக்குத் தார்ப்பாயும் களத்துக்கு ஆளும் எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் கிடந்த குவியல்களில் பாதிக்கு மேல் மூடத் தார்ப்பாய் இல்லை. அரசு நேரடி கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். நனைந்த நெல்லோடு அங்கே போய் நிற்கும் விவசாயியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இதை நான் ஏன் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது புரியும்.

தவிர்ப்பது கடினமில்லை. பவர் குவெரி தானாகச் சேர்க்கும் வகைமாற்றப் படியை நீக்கிவிடுங்கள். பிறகு தேதி நெடுவரிசையின் வகையை மாற்றும்போது 'யூசிங் லொக்கேல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலம் - இந்தியா என்று கொடுங்கள். கூகுள் ஷீட்டில் கோப்பு அமைப்புகளுக்குள் போய் இடத்தை இந்தியா என்று மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இயல்பு நிலையில் மாதத்தையே முதலில் படிக்கும். எழுதும் மென்பொருள் உங்கள் கையில் இருந்தால் 2025-06-12 என்று ஆண்டை முன்வைத்து எழுதச் செய்யுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை.

இணைத்து முடித்ததும், மாதத்தின் எந்த நாளில் எத்தனை வரிசைகள் என்று ஒரு சிறிய அட்டவணை போட்டுப் பாருங்கள். 13 முதல் 31 வரை காலியாக இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மழையளவை இணைப்பவர்களுக்கு இன்னொன்று. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் தினசரி மழையளவு, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. 15-ஆம் தேதி என்று போட்ட மழையில் பெரும்பகுதி 14-ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்ததாக இருக்கலாம். இதை நள்ளிரவோடு முடியும் வரத்துப் பதிவேட்டோடு அப்படியே சேர்த்தால், மழைக்கு முன்பே நெல் நனைந்ததாகக் கணக்கு வரும்.

கோப்பை உங்கள் கணினியின் டெஸ்க்டாப்பிலிருந்து இணைப்பது

வேண்டாம். பகிர்ந்த இடத்தில் வைத்து அங்கிருந்து இணையுங்கள்.

மாவட்டப் பெயரை வைத்து அட்டவணைகளைச் சேர்ப்பது

நாகப்பட்டினம் என்ற பெயர் 2019-இலும் இருக்கிறது, 2021-இலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பரப்பு இல்லை. 2020-இல் மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் ஆகிய வட்டங்கள் பிரிந்து மயிலாடுதுறை மாவட்டம் ஆயின. பழைய தரவையும் புதியதையும் பெயரை வைத்து ஒட்டினால், நாகையில் சாகுபடிப் பரப்பு ஒரே ஆண்டில் சரிந்ததுபோல் கோடு விழும். அதற்கு வறட்சி, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விளக்கம் எழுதியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். வட்ட அளவில் தரவு கிடைத்தால் அதை எடுத்து, இன்றைய எல்லைப்படி நீங்களே கூட்டுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து ஒரே அலகாகக் காட்டுங்கள்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. ஆங்கிலத்தில் திருவாரூரை 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். பெயருக்குப் பதில் மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகக் குறியீட்டை இணைப்புச் சாவியாக வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா இணைப்பையும் ஒருவர் கணக்கில் போடுவது

டாஷ்போர்டு செய்த பையனுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. அவர் கணக்கு மூடப்படுகிறது. மறுநாளிலிருந்து தரவு புதுப்பிக்கப்படுவதில்லை, ஆனால் பழைய எண்கள் திரையில் அப்படியே நிற்கின்றன. அவை பழையவை என்று தெரியாமலே ஒரு மாதம் ஓடிவிடும். நிறுவனத்தின் பொதுக் கணக்கில் இணைப்பை வையுங்கள். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தை முதல் பக்கத்திலேயே பெரிதாகக் காட்டுங்கள்.

ஆலைக் கணினியில் உள்ள தரவை மேகச் சேவைக்குக் கொண்டுபோகக் கேட்வே போடுகிறவர்கள், அதை இரவில் மூடி வைக்கும் மடிக்கணினியில் போடுகிறார்கள். எப்போதும் ஓடும், யுபிஎஸ் உள்ள கணினியில்தான் அது இருக்க வேண்டும்.

இன்று என்பதைச் சோதிக்காமல் விடுவது

பவர் பிஐ மேகச் சேவை இன்றைய தேதியை உலகப் பொது நேரப்படி கணக்கிடுகிறது. இங்கே அதிகாலை 5.30 வரை அதற்கு நேற்றுதான். இரவில் லாரி ஏற்றும் ஆலையில் இது முக்கியம்.

கடவுச்சொல்லை ஷீட்டில் எழுதி வைப்பது

கூடவே கூடாது.

அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் எடுப்பது

மூட்டை என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அரசுக் கொள்முதல் நிலையத்தில் அது 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் பெரும்பாலும் 60 கிலோ. நூறு மூட்டை என்பது ஒரு மூலத்தில் 4 டன், இன்னொன்றில் 6 டன். பரப்பளவிலும் இதே சிக்கல்தான். விவசாயி மாவில் சொல்வார், மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். அரசு அட்டவணை ஹெக்டேரில் வரும், அது 2.47 ஏக்கர். தண்ணீர் கணக்கில் கன அடி என்பது ஒரு வினாடிக்கு, டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்பது மொத்த அளவு. ஒரு நாள் முழுவதும் வினாடிக்கு 11,574 கன அடி வீதம் திறந்தால்தான் ஒரு டிஎம்சி ஆகும். இரண்டையும் ஒரே அச்சில் வரைந்தவர்கள் இருக்கிறார்கள்.

மூலத்தை இணைக்கும் அன்றே எடைமேடைக்காரரிடம் போய் இங்கே ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று கேளுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு மூலத்துக்கும் தனி நெடுவரிசையாகச் சேர்த்து, எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிய பிறகே அட்டவணைகளை ஒன்றாக்குங்கள்.