டிஃபரன்ஷியலில் தண்ணீர்: சரிசெய்த விதம்

பழைய ஃபோர் வீல் வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் கழற்றுவது டிஃபரன்ஷியலின் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும், ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஃபில்லர் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத்தான். சுண்டுவிரலை விட்டு எடுத்தால் ஆயில் தெளிவாக இருக்க வேண்டும்; பால் கலந்த காபி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர். பெரும்பாலும் பிரீதர் (உள்காற்று வந்துபோகும் சிறு வழி) அடைப்புதான் காரணம்: சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

ஒரு வண்டியில் இப்படித் தண்ணீர் இருந்தது. ஃபில்லர் கழல்வதை உறுதிசெய்த பிறகே டிரெய்ன் பிளக்கை (ஆயிலை வடிக்கும் கீழ் மூடி) தொட்டேன். வடித்து, புது ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி வடித்தேன். கசிந்த சீலை மாற்றி, பிரீதர் ஹோஸை இன்ஜின் பே உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். கடைசியாக ஊற்றியது மேனுவல் சொல்லும் கிரேடு ஆயில், ஃபில்லர் துளை விளிம்பு வரை.

டிரெய்ன் பிளக் காந்தத்தில் மாவு போன்ற தூள் சகஜம். நகத்தில் தட்டுப்படும் சில்லு என்றால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை வாங்கவே வேண்டாம்.