முடி நட்டாப்பிறகு பின்மண்டைத் தழும்பு இழுபட்டு அகலாமப் பாக்கிறது எப்பிடி

இது எஃப்யூடி முறையில முடி நட்டவைக்கு, அதாவது பின்மண்டையில தோலைக் கீலமா வெட்டி எடுத்து அதில இருந்து முடியைப் பிரிச்சு முன்னுக்கு நடுறது. எஃப்யூஈ செய்தவைக்கு ஒவ்வொரு வேரா நோண்டி எடுக்கிறதால 1 மில்லிமீற்றர் அளவில புள்ளியள்தான் மிஞ்சும், நீட்டுக்கு ஒரு கோடு இல்ல, இழுபடுற பயமும் இல்ல. எஃப்யூடியில வழமையா 1, 1.5 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் தோலை எடுத்துப்போட்டு மேல் கரையையும் கீழ்க் கரையையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கிறது, அந்த இழுவை இருக்கிற வரைக்கும் தழும்பு விரியத்தான் பாக்கும்.

இழை வெட்டுறது 10 நாளில இருந்து 14 நாளுக்குள்ள நடக்கும். அண்டைக்கு வெளியில பாக்கக் காயம் நல்லா மூடி அழகா இருக்கும், இனி என்ன எண்டு அடுத்த கிழமையே ஆக்கள் மண்வெட்டியோட வயலுக்க இறங்கிடுவினம். இழை வெட்டுற அண்டைக்கு உள்ளுக்க காயத்தின்ர பலம் சாதாரண தோலின்ர பலத்தில பத்தில ஒரு பங்கு கூட இருக்காது. 3 மாதம் போனாத்தான் 80 வீதத்துக்குக் கிட்ட வரும், அதுக்கு மேல பழைய பலம் முழுசா எண்டைக்கும் வராது, உள்ளுக்க நார் மாறி மாறி இறுகிறது ஒரு வருசம் வரைக்கும் நடந்துகொண்டே இருக்கும். ஆனபடியா உண்மையாக் கவனமா இருக்கவேண்டிய காலம் இழை வெட்டினாப்பிறகுதான் தொடங்குது, இதை மட்டும் மறந்துபோடாதேங்கோ.

ஒப்பரேசனுக்கு முதலே பாதி விசயம் முடிவாகிடும். உங்கட பின்மண்டைத் தோல் எவ்வளவு தளர்வு, எவ்வளவு அகலத்துக்கு வெட்டப்போறியள், பிடரிக்கு எவ்வளவு மேல வெட்டுவியள் எண்டு டொக்டரிட்டக் கட்டாயம் கேளுங்கோ. பிடரித் தசைக்குக் கிட்டக் கீழ வெட்டினா ஒவ்வொருக்காலும் தலை குனியேக்க அந்த இடம் இழுபடும். கனக்க முடி வேணும் எண்டு ஒரே தரத்தில அகலமா எடுக்கச்சொல்லி நெருக்காதேங்கோ. கையில பிசிஜி ஊசி போட்ட இடத்தையும் உடம்பில இருக்கிற பழைய காயத் தழும்புகளையும் காட்டுங்கோ, தடிச்சுப் புடைச்சு வளர்ற தோலா எண்டு அவைக்கு விளங்கும். எங்கட பக்கத்தில சண்டைக் காலத்துச் செல் (எறிகணை) காயத் தழும்பை மறைக்க முடி நடப்போற ஆக்களும் இருக்கினம், தலையில செல்லின்ர பீஸ் (துண்டு) இருக்குதெண்டால் அதையும் ஒளிக்காமச் சொல்லுங்கோ, பழைய தழும்புக்க இரத்த ஓட்டம் குறைவு எண்டதால அங்க நடுற முடி எல்லாம் பிடிக்கும் எண்டும் இல்ல.

அடுத்தது நாள் பாக்கிறது. வயல் செய்யிற ஆக்கள் எண்டா காலபோக வெட்டு முடிஞ்சு நெல்லு வீட்ட வந்தாப்பிறகு செய்யுங்கோ, சிறுபோகம் விதைக்கிற யோசினை இருந்தா அந்த முறை வேற ஆளிட்டக் குத்தகைக்கு விடுங்கோ. 3 மாதம் பாரமான வேலை இல்லாம இருக்கேலாது எண்டா இப்ப செய்யாம விடுறதே நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன், காசையும் குடுத்து தலையையும் வெட்டிப்போட்டு பேந்து விரிஞ்ச தழும்போட நிக்கிறது பெரிய மனவருத்தம்.

கொழும்பில செய்துபோட்டு வாறவை அண்டிரவே பஸ் ஏறாதேங்கோ, கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல, சீற்றில பின்மண்டை முட்டி முட்டித்தான் வரவேணும். ரெண்டு மூண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில நிண்டு வாங்கோ. முதல் கொஞ்ச இரவு மட்டமாப் படுக்காம சாய்மனைக் கதிரையிலயோ ரெண்டு மூண்டு தலைகாணி அடுக்கியோ சாஞ்சு படுத்தா வீக்கமும் குறையும், கழுத்துக்கு ஒரு துவாயைச் சுருட்டி வைச்சா காயம் அழுத்துப்படாது.

கழுத்துத்தான் முக்கியம். நாடி நெஞ்சில முட்டுற மாதிரிக் குனியேக்க பின்மண்டைத் தோல் முழுக்கக் கீழ இழுபடும், சேர்ட்டின்ர ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு இழுக்கத் தையல் வாய் விரியிற மாதிரித்தான் இது. மடியில போனை வைச்சு மணிக்கணக்காக் குனிஞ்சு பாக்கிறது கூடாது, கண்ணுக்கு நேர தூக்கிப் பாருங்கோ. சப்பாத்துப் போடவும் கீழ விழுந்ததை எடுக்கவும் முழங்காலை மடிச்சு இருந்து எடுங்கோ. தலைக்கு மேலால கழட்டுற ரீசேர்ட்டை விட்டுட்டு பொத்தான் வைச்ச சேர்ட் போடுங்கோ. களை பிடுங்கிறது, விறகு கொத்துறது, கிணத்தில வாளியால அள்ளுறது ஒரு மாதத்துக்கு வேற ஆளின்ர வேலை. 50 கிலோ யூரியா பாக், நெல்லு மூட்டை, தலைச்சுமை எல்லாம் 3 மாதம் கிட்டவும் போகாதேங்கோ, ஜிம்முக்குப் போற பெடியள் தோளைத் தூக்கிற பயிற்சியும் தலைக்குப் பின்னால கை குடுத்து எழும்புற சிற்அப்பும் அதுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தொடங்கவேணும். நடக்கிறது பிரச்சினையில்ல, நடவுங்கோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிரதட்டை (வீதியில உருளுறது) நேத்தி இருந்தா அடுத்த வருசம் செய்யுங்கோ, அம்மாள் கோவிக்க மாட்டா.

ஹெல்மெட் இல்லாம ஓடவும் ஏலாது, போட்டா பின்மண்டையில உரசும், ஆனபடியா டொக்டர் ஓம் எண்டு சொல்லுமட்டும் மோட்டச்சைக்கிளை விடுங்கோ. அதிலயும் உள்ளூர்க் கிரவல் ரோட்டில குலுங்கிக் குலுங்கிப் போறது இன்னும் மோசம்.

சிகரட், பீடி, வெத்திலையோட போடுற புகையிலை மூண்டும் ஒண்டுதான், நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்துக்கு வாற இரத்தத்தைக் குறைக்கும், ஒப்பரேசனுக்கு ரெண்டு கிழமை முதலே நிப்பாட்டி பிறகும் ஆகக் குறைஞ்சது ரெண்டு கிழமை தொடாம இருங்கோ. சீனி வருத்தம் இருந்தா அதைக் கட்டுப்பாட்டில வைச்சிருங்கோ. வீட்டில அம்மாமார் கிரந்தி, காயத்துக்குக் கூடாத சாப்பாடு எண்டு றால், நண்டு, கத்தரிக்காய் எல்லாத்தையும் மறிப்பினம், அவையோட சண்டை பிடிக்கத் தேவையில்ல, ஆனா முட்டை, பருப்பு, பயறு, குளத்து மீன் எண்டு புரதம் குறையாமச் சாப்பிடுங்கோ, கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் நல்லம்.

காயத்தைச் சொறியாதேங்கோ, பொருக்கை நோண்டாதேங்கோ. முழுகிறதுக்கு டொக்டர் சொன்ன நாளில இருந்து கொதிச்சாறின தண்ணியை மெதுவா ஊத்துங்கோ, குளத்திலயும் வாய்க்காலிலயும் தலை தாழ்க்கிறது காயம் நல்லா ஆறுமட்டும் வேண்டாம். தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பச்சைக் காயத்தில பூசவேண்டாம். சிவந்து வீங்கி, சீழ் வந்து, காய்ச்சலும் காய்ஞ்சா அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கிருமி பிடிச்ச காயம் நல்ல தழும்பா ஆறாது. இழையை வீட்டில பிளேட்டால வெட்டாதேங்கோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில வெட்டலாமோ எண்டு டொக்டரிட்டக் கேட்டு ஒரு கடிதமும் வாங்கி வைச்சிருங்கோ.

சிலிக்கன் ஜெல் புடைக்கிற தழும்புக்கு உதவும், அதுவும் காயம் முழுசா மூடினாப்பிறகுதான், இழுபடுறதை அது மறிக்காது. விற்றமின் ஈ எண்ணெய்க்குக் காசைக் குடுக்கவேண்டாம், சிலபேருக்குத் தோல் கடியும் (அரிப்பு) வரும்.

இவ்வளவும் செய்தும் சிலருக்கு விரியும், அது தோலின்ர குணம், உங்கட பிழையில்ல. அப்பிடியெண்டா ஒரு வருசம் பொறுங்கோ, முடியை ஒண்டரை ரெண்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டினா அனேகமா வெளியில தெரியாது. பேந்தும் தெரிஞ்சா தழும்பை வெட்டித் திருப்பித் தைக்கலாம், தழும்புக்கயே எஃப்யூஈயால முடி நடலாம், இல்லாட்டி முடி மாதிரித் தெரியிற புள்ளிப் பச்சை குத்தலாம்.