அடைமழை சனி, ஞாயிறுக்கு நாவல் எடுப்பது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் மழை விடாது பிடித்துக்கொள்ளும். சனி, ஞாயிறுக்கான நாவலை வியாழக்கிழமை சாயங்காலமே எடுத்துவிடுவேன். எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை நனைந்துகொண்டு ஓடி, கையில் அகப்பட்டதை எடுத்துவருவது சரிப்படாது.

முதலில் கனத்தைப் பாருங்கள். இருநூறு, இருநூற்றைம்பது பக்கம் போதும். ஞாயிறு மத்தியானம் கதை முடிந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க மிச்சப் பொழுது கிடைக்கும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ மாதிரிப் பெரிய நாவல்களுக்கு இரண்டு நாள் காணாது. அவற்றைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அலமாரி முன்னால் நின்றபடியே நடுவில் நாலு பக்கம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். நடுவில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று கண்ணில் பட்டால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்று ஆசிரியரே தீர்ப்பு எழுதிவிட்டால் நமக்கு வேலை இல்லை. நூலகப் பிரதியில் பழைய வாசகர்கள் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘தவறு’ என்றோ ‘ஏன்?’ என்றோ கிறுக்கியிருந்தால் அது நல்ல சகுனம். முன்னுரையை மட்டும் கடைசியில் படியுங்கள். பழைய நாவல்களின் புதிய பதிப்பில் முன்னுரையே முடிவைச் சொல்லிவிடுகிறது.

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ (1969) எங்கள் காவிரிக்கரைக் கதை. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் சிதம்பரம், கரும்பாலை கட்டுவதற்காக ஒரு வனத்தையே அழிக்கிறான். வெட்டி மாளாமல் தீ வைக்கிறான். படிக்கும்போது, அவன் வேலை முடிய வேண்டுமே என்று நம் மனசும் பரபரக்கும். எந்த இடத்தில் நான் அவனுக்குக் கூட்டாளி ஆனேன் என்று பின்னால் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கிறேன்.

மழைக்கென்றே நான் வைத்திருப்பது ஜெயகாந்தன். வெள்ளி ராத்திரி ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை, சனி காலை ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. நாவல் நான் சொன்ன கனத்தை மீறியதுதான், ஆனால் ஓடிவிடும். சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் ஒரு காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தைத் தன்னோடு புதைத்துவிடுகிறாள். அது எப்படி நியாயம் என்று அன்றைக்குப் பெரிய சர்ச்சை. 1970இல் வந்த நாவலில் அதே மழை, அதே கார். அம்மா மட்டும் அலறி ஊருக்கே தெரியவைத்துவிடுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. அவளுக்கு நேர்ந்ததில் காரில் வந்தவன் பங்கு எவ்வளவு, வீட்டார் பங்கு எவ்வளவு? படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு கணக்கு வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இந்தக் கேள்வியின் முழு வலியும் புரியும், வரிசையை மாற்றாதீர்கள்.

விறுவிறுப்பாக வேண்டுமென்றால் பூமணியின் ‘வெக்கை’ (1982). கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது, பிறகு பையனும் அப்பாவும் ஒளிந்து திரிவதுதான் கதை. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தவர்களும் தயங்காமல் எடுக்கலாம், நாவல் இன்னும் அமைதியானது. சென்னைவாசிகள் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படியுங்கள். மழை கொட்டும் நாளில், குடிதண்ணீருக்கு அல்லாடும் ஜமுனாவின் தெருவைப் படிப்பது மனசை என்னவோ செய்யும்.

வீட்டில் இன்னொருவரும் படிப்பவர் என்றால் இருவரும் ஒரே நாவலைப் படியுங்கள். என் மாமியார் எனக்கு முந்தி முடித்துவிடுவார். கங்காவின் அம்மாமேல் அவருக்கு இரக்கம் உண்டு; எனக்குத் துளியும் இல்லை. விதவையாய், பிள்ளை தயவில் இருப்பவள் வேறென்ன செய்வாள் என்று கேட்பார். அதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை, அடுத்த மழைக்கும் அதே நாவலைத்தான் எடுக்கப்போகிறேன்.